வாய் சொன்ன எடை, கை எழுதிய எடை

எடைக் கருவியின் மேல் முதலில் ஏறுவது உதயகுமார் அல்லர், ஓர் இரும்புத் தட்டு. குழாயின் வாயை அடைப்பதற்கென்று வார்த்த கனமான வட்டம் அது. விளிம்பில் எட்டுத் துளைகள் உண்டு. தொழிற்சாலைகளில் பிளாஞ்சு என்பார்கள். அம்பத்தூர் தொழிற்பேட்டையில், முத்திரையிட்ட தராசில் நிறுத்து, எட்டு கிலோ நானூறு கிராம் என்று அதன் முதுகில் வெள்ளை வண்ணத்தால் எழுதி வீட்டுக்குக் கொண்டு வந்திருக்கிறார். காலை ஐந்து நாற்பதுக்கு, காபிக்கு முன், அந்தத் தட்டைக் கருவியின் மேல் வைக்கவேண்டும். 8.4 என்று காட்டினால்தான் அவர் ஏறுவார். காட்டாவிட்டால் கருவியை நகர்த்திச் சமமான தரை தேடுவார். பட்டாபிராமில் மிலிட்டரி சைடிங் ரயில் நிலையத்துக்குப் போகும் சாலையை ஒட்டிய அந்த வாடகை வீட்டில் சமமான தரை ஒரே ஓர் இடத்தில்தான் உண்டு. தொலைக்காட்சிப் பெட்டிக்கு நேர் கீழே, இரண்டு ஓடுகள்.

மாரடைப்புக்குப் பின் கனம் தூக்கக் கூடாது என்று சொல்லியிருப்பதால், தட்டை எடுத்து வைப்பதும் அகற்றுவதும் மனைவி நாகவல்லியின் வேலை. "ஊர்ல புருசன் எட பாக்கறதுக்கு இரும்பு தூக்கற பொம்பள நான் ஒருத்திதான்" என்று தினமும் ஒருமுறை சொல்லிவிட்டு, பால் பொங்கிவிடும் என்று அடுப்படிக்குப் போய்விடுவார்.

உதயகுமார் ஏறி நிற்பார். எண் நின்ற பிறகும் மனத்துக்குள் பத்து வரை எண்ணுவார். இறங்கிக் குறிப்பேட்டில் நீலப் பேனாவால் தேதி, மணி, எடை மூன்றையும் எழுதுவார். அடித்துத் திருத்தும் வழக்கம் கிடையாது.

"எவ்ளோ காட்டுது?" என்று அடுப்படியிலிருந்து கேள்வி வரும்.

"எழ்பத்தொண்ணு. அதேதான்."

மார்ச் மாதம் பத்தாம் தேதி, செவ்வாய்க்கிழமை, இந்தப் பதிலை அவர் சொன்னபோது குறிப்பேட்டில் ஈரம் காயாமல் இருந்த எண் 73.1.

உதயகுமாருக்கு வயது ஐம்பத்து மூன்று. குடும்ப அட்டையில் ஐம்பத்தொன்று என்றிருக்கிறது, பள்ளிச் சான்றிதழின்படி ஐம்பத்து மூன்று, பின்னதே சரி. முத்தாபுதுப்பேட்டையில் பிறர் நிலத்தில் கூலி வேலை செய்தவரின் மூன்றாவது மகன். பத்தொன்பதாம் வயதில் தொழிற்பேட்டைக்குள் நுழைந்தவர், அழுத்தக் கலன்கள் செய்யும் ஒரு நிறுவனத்தில் முப்பத்து நான்கு ஆண்டுகளாக ஒரே வேலையைச் செய்து வருகிறார். காற்றையோ வாயுவையோ அடைத்து வைக்கப்போகும் இரும்புக் கலன்களுக்குள் தண்ணீரை நிரப்பி, அவை தாங்கவேண்டிய அளவுக்கு மேலும் அழுத்தம் ஏற்றி, கசிகிறதா என்று பார்ப்பதுதான் அந்த வேலை. அரை மணி நேரம் முள் அசையாமல் நிற்கவேண்டும். நின்றால் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்திடுவார். அந்தக் கையெழுத்து இல்லாமல் கலன் வாசலைத் தாண்டாது.

காற்றால் சோதிப்பது அவருக்கு ஆகாது. வேலைக்குப் புதிதாக வருபவர்கள் காரணம் கேட்டால், "தண்ணி வெச்சி ஏத்துனா, தையல் உட்டு ஒழுவும், அவ்ளோதான். காத்து வெச்சி ஏத்துனா, உன்ன நாலு ஷெட்டு தாண்டித் தேடணும்" என்பார். காற்று அழுத்தத்தை அடைத்து வைத்த எந்தப் பொருளுக்கும் நேராக அவர் நின்று யாரும் பார்த்ததில்லை. சைக்கிளுக்குக் காற்றடிக்கும் கடையில்கூட ஓரமாகத்தான் நிற்பார்.

அவரிடம் ஒரு வினோதம் உண்டு. அதைப் பற்றி உறவினரிடையே அதிகம் பேசுபவர் நாகவல்லியின் தம்பி மதுரைவீரன். ஆவடிக்கும் பூந்தமல்லிக்கும் இடையே ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார், வாய் ஓயாதவர். அவருக்குப் பெண் பார்த்தபோது, பெண் வீட்டாரிடம் "எங்க மச்சானுக்கு இருபத்தெட்டு முடிஞ்சி இருபத்தொம்போது" என்று அழுத்தந்திருத்தமாகச் சொன்னவர் உதயகுமார். எல்லாரும் நம்பினார்கள். திருமணப் பதிவு அலுவலகத்தில் விண்ணப்பத்தை நிரப்பும் பொறுப்பையும் அவரிடமே கொடுத்தார்கள். வயது என்ற கட்டத்தில் அவர் முப்பத்திரண்டு என்று எழுதினார். பெண்ணின் தகப்பனார் எட்டிப் பார்த்துவிட்டார்.

"அன்னிக்கி எம் மாமனார் மூஞ்சி போன போக்கு கீதே!" என்று மதுரைவீரன் இன்றும் சொல்வார். "இவரு வாயால இன்னா வேண்ணாலும் சொல்லுவாரு. பேனாவ குட்த்தா அரிச்சந்திரன் பேரன் ஆயிடுவாரு. எங்க மாமாவுக்கு வாய் வேற ஆளு, கை வேற ஆளு."

உதயகுமார் மறுப்பதில்லை. நிறுவனத்தில் விற்பனைப் பிரிவு மேலாளர் வந்து, வண்டி காத்திருக்கிறது, இருபது நிமிடமே போதும், முப்பது என்று போட்டுவிடு என்று சொல்லும்போதெல்லாம், "ஓகே சார், ஆயிடுச்சி சார்" என்று வாயால் ஒத்துக்கொள்வார். வண்டி அரை மணி நேரம் நின்றுதான் போகும்.

இந்தக் கைதான் நவம்பர் பதினெட்டாம் தேதி அவருடைய இதயத்தில் ஒரு பகுதியைக் கொண்டுபோனது. அன்று செவ்வாய்க்கிழமை. ஒரு பால் பதனிடும் நிலையத்துக்கான கலனைச் சோதனையில் வைத்திருந்தார். அழுத்தம் ஏற்றி நிறுத்திய பதினோராவது நிமிடத்தில் நெஞ்சின் நடுவே ஒரு பாரம் இறங்கியது. இடத்தோள் மரத்தது. வியர்த்தது. வாயுத் தொல்லை என்று எண்ணியதாகப் பின்னர் சொன்னார். மனைவியிடம் மட்டும், அப்படி எண்ணவில்லை, என்னவென்று தெரிந்துதான் இருந்தது என்று ஒப்புக்கொண்டார். சோதனையைப் பாதியில் விட்டால் எல்லாவற்றையும் வடித்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து தொடங்கவேண்டும். தூணைப் பிடித்துக்கொண்டு பத்தொன்பது நிமிடம் நின்றார். முள் அசையவில்லை. பதிவேட்டில் நேரத்தை எழுதினார், கசிவு இல்லை என்று எழுதினார், கையெழுத்திட்டார், பிறகு உட்கார்ந்தார். பேனா மூடியைக்கூடப் போட்டிருந்தார்.

இரண்டு ஸ்டென்ட் வைத்தார்கள். உயிர் தங்கியது. ஆனால் இதயத்தின் பம்ப் செய்யும் திறன் முப்பத்தாறு விழுக்காட்டில் நின்றுவிட்டது. அந்தப் பத்தொன்பது நிமிடத்தைப் பற்றிக் கேள்விப்பட்ட இதய மருத்துவர், "அந்தக் கலனுக்கு வேறு ஆள் இல்லையா?" என்று மட்டும் கேட்டார்.

"அந்த ஷிப்ட்டுக்கு இல்ல சார்."

இரண்டாவது தவறும் ஒழுங்கின் பேரிலேயே நடந்தது. தினமும் அரை மணி நேரம் நடக்கவேண்டும், நல்ல காலணி அணிந்து நடக்கவேண்டும் என்றார்கள். உதயகுமாரிடம் இருந்த மிக நல்ல காலணி, தொழிற்சாலை கொடுத்த, முனையில் எஃகு வைத்த பாதுகாப்புக் காலணி. அதையே அணிந்துகொண்டு சைடிங் நிலையம் வரை போய் வந்தார். ஜனவரி இரண்டாம் வாரம் முழுவதும் ஒருநாளும் தவறாமல் நடந்தார். ஏழாம் நாள் வெள்ளைக் காலுறை சிவந்திருப்பதைப் பார்த்தவர் நாகவல்லி. காலணியைத் தலைகீழாகத் தட்டியபோது, பற்றவைக்கும்போது தெறிக்கும் இரும்புத் துளி ஒன்று, மிளகு அளவில், தரையில் விழுந்தது. பதினைந்து ஆண்டுச் சர்க்கரை நோயில் அவருடைய பாதங்கள் உணர்வு இழந்திருந்தன. கட்டைவிரலின் அடிப்பகுதியை அது ஏழு நாள் அரைத்திருந்தது, அவருக்குத் தெரியவில்லை.

புண் ஆழமானது. மருந்துக்கு மூடவில்லை. எலும்பு வரை சீழ் போயிருப்பதாகப் படம் காட்டியது. பாத அறுவை மருத்துவர், மூடிய கூண்டுக்குள் படுக்கவைத்துத் தரும் உயரழுத்த ஆக்சிஜன் சிகிச்சை முப்பது முறை எடுத்துப் பார்ப்போம், அதற்கும் மூடாவிட்டால் விரலில் தொடங்கவேண்டியிருக்கும், எங்கே நிற்கும் என்று இப்போதே சொல்ல முடியாது என்றார். அந்தச் சொற்களை உதயகுமார் முன்பும் கேட்டிருக்கிறார். அவருடைய தகப்பனாருக்கு 2008ஆம் ஆண்டு ஆகஸ்டில் இதே நோயால் விரல் எடுத்தார்கள், அக்டோபரில் முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள், அடுத்த ஜூனில் அவர் காலமானார். இரண்டு முறையும் சம்மதப் படிவத்தில் கையெழுத்திட்டவர் உதயகுமார்தான்.

இதய மருத்துவர் அந்தச் சிகிச்சைக்கு எளிதில் சம்மதிக்கவில்லை. அழுத்தத்தோடு போகும் ஆக்சிஜன் இரத்தக் குழாய்களை இறுக்கும். பலவீனமான இதயம் அந்த இறுக்கத்தை எதிர்த்துத் தள்ள முடியாமல் போனால் நுரையீரலில் நீர் கோக்கும். கூண்டுக்குள் இருக்கும்போது அப்படி ஆனால் உடனே கதவைத் திறக்கவும் முடியாது. இறுதியில் ஒரு நிபந்தனையோடு எழுதிக் கொடுத்தார். தினமும் எடை பார்க்கவேண்டும். இரண்டு நாளில் ஒரு கிலோவோ, ஒரு வாரத்தில் இரண்டு கிலோவோ கூடினாலும், படுத்தால் இருமல் வந்தாலும், கால் வீங்கினாலும், சிகிச்சையை நிறுத்திவிட்டு அன்றே தம்மிடம் வரவேண்டும். "கால் உங்களுக்கு முக்கியம், தெரியும். எனக்கு நீங்கள் முக்கியம்" என்றார். உதயகுமார் அதற்கும் "ஓகே சார்" என்றார்.

காட்டுப்பாக்கத்தில் ஒரு தனியார் மருத்துவமனையின் தரைத்தளத்தில் இருக்கிறது அந்தக் கூண்டு. ஆள் படுக்கும் நீளத்தில் கண்ணாடிபோல் தெளிந்த பெரிய குழாய். தலைமாட்டில் வட்டமான எஃகுக் கதவு. அதை இயக்குபவர் ஜோதிகா என்னும் இருபத்தாறு வயதுப் பெண், பூந்தமல்லிக்காரர். பிப்ரவரி பதினெட்டாம் தேதி, முதல் நாள், உதயகுமார் படுக்கவில்லை. ஊன்றுகோலோடு கூண்டை ஒருமுறை சுற்றி வந்தார்.

"நேம்ப்ளேட்டு எங்க கீது பாப்பா?"

"என்னாது அங்கிள்?"

"எவ்ளோ பிரஷருக்கு டெஸ்ட் பண்ணாங்க, எந்தத் தேதில பண்ணாங்கன்னு ஒரு தகட்ல அட்ச்சிருப்பான். அது."

"நீங்க பேஷண்டா, இன்ஸ்பெக்டரா?"

அடியில், சக்கரத்துக்குப் பக்கத்தில் இருந்தது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து படித்தார். தேதி அண்மையது. கைவிரல்களால் கதவின் குறுக்களவை அளந்தார். உதடு அசையக் கணக்குப் போட்டார். "உள்ள காத்து ஏறுனா இந்தக் கதவு மேல ஏழு டன்னு நிக்கும், தெரியுமா?"

"நீங்க சொல்லாம இருந்தா தெரியாமயே சந்தோஷமா இருந்திருப்பேன் அங்கிள்."

வாசலில் நின்ற மதுரைவீரன் உள்ளே எட்டிப் பார்த்தார். "அத்தெல்லாம் கண்டுக்காதம்மா. முப்பது வருசமா இவரு வெளிய நின்னு டெஸ்ட் பண்ணாரு. இப்ப உள்ள இருந்து பண்ணப் போறாரு. படு மாமே, ஒண்ணும் ஆவாது. நீ ஓசில ஆக்சிஜன் குடிக்கற, நாங்க ரோட்ல மெட்ரோ தூசி குடிக்கறோம்."

அன்று கதவு மூடியபோது உதயகுமாரின் நாடி நூற்றுப் பத்துக்குப் போனது. காது அடைத்தது, எச்சிலை விழுங்கச் சொன்னார்கள், விழுங்கினார். ஒன்றரை மணி நேரமும் கண்ணை மூடாமல் அழுத்தமானியையே பார்த்துக்கொண்டிருந்தார். முள் அசையவில்லை. வெளியே வந்ததும் அவர் சொன்ன முதல் சொல், "நல்ல ஜாயின்ட்டு" என்பதுதான்.

பிறகு அந்தக் கூண்டுக்குப் பழகிவிட்டார். காலை ஏழு மணிக்கு மதுரைவீரனின் ஆட்டோ வாசலில் வந்து நிற்கும். பருத்திப்பட்டு, கரையான்சாவடி, குமணன்சாவடி என்று போகும் வழி நெடுக நாகவல்லி சிற்றுண்டி டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். எண்ணெய் தடவிய தலை உள்ளே கூடாது, தீப்பிடிக்கும் என்று அறிந்த நாளிலிருந்து உதயகுமார் தலையைச் சீயக்காய் போட்டு வறட்டிவிட்டார். நெற்றித் திருநீற்றைத் துடைப்பதா என்று நாகவல்லி தயங்கியபோது, "சாமிக்கி ரூல்ஸ் தெரியும்" என்று தாமே துடைத்துக்கொண்டார். பருத்தி அங்கியை மாற்றி, மோதிரத்தைக் கழற்றி, மணிக்கட்டில் மின்பொறி எழாமல் தடுக்கும் கம்பிப் பட்டையைக் கட்டிக்கொண்டு, ஜோதிகா கேட்கும் கேள்விகளுக்குக் காத்திருப்பார். எடை? மூச்சு? இருமல்? வீக்கம்?

"எல்லாம் நார்மல் பாப்பா."

பன்னிரண்டு அமர்வுகள் வரை அது உண்மையாகவும் இருந்தது. புண்ணின் ஓரம் சிவந்து, சதை மேலேறிக்கொண்டு வந்தது. பத்து ரூபாய் நாணயத்தின் அகலத்தில் இருந்தது பட்டாணி அளவுக்குச் சுருங்கியது. பாத மருத்துவர் தம் கைப்பேசியில் பழைய படத்தையும் புதிய படத்தையும் அடுத்தடுத்து வைத்துக் காட்டினார். அன்று ஆட்டோவில் உதயகுமார் பேசிக்கொண்டே வந்தார், அது அரிது.

மார்ச் ஆறாம் தேதி வெள்ளிக்கிழமை எடை 71.3. ஞாயிறு 72.2. செவ்வாய் 73.1. முதலில் ஊறுகாய் மீது பழி போட்டார், நிறுத்தினார், எடை நிற்கவில்லை. பிறகு கருவியை ஐயுற்றார். ஆனால் இரும்புத் தட்டு ஒவ்வொரு நாளும் 8.4 என்றே காட்டியது. அவரே ஏற்பாடு செய்த சாட்சி அது; அதைப் பொய் என்று சொல்ல அவருக்கு வழியில்லை. நல்ல காலில் காலுறையின் ரப்பர் பள்ளமாகப் பதியத் தொடங்கியது. படுத்தால் தொண்டையில் ஏதோ குறுகுறுத்தது.

"இன்னொரு தலவாணி இன்னாத்துக்கு?" என்று நாகவல்லி கேட்டார்.

"கழுத்து புட்ச்சிகிச்சி."

"ரெண்டு வெச்சா புட்ச்சிக்கும். மூணு வெச்சா உட்ருமா?"

"அப்டித்தான் சொன்னாங்க."

"யாரு சொன்னா?"

"டீவில."

நாகவல்லி அவர் முகத்தைப் பார்த்தார். இருபத்தாறு ஆண்டு மண வாழ்க்கையில் கணவர் நீலப் பேனாவால் எழுதும் எந்தக் குறிப்பேட்டையும் அவர் திறந்ததில்லை. அது தொழிற்சாலையைச் சேர்ந்தது என்பது போன்ற ஒரு மரியாதை. அன்றும் திறக்கவில்லை. "தபாரு, என்னாண்ட எதுனா மறைக்கிறியா?" என்று மட்டும் கேட்டார்.

"உன்னாண்ட மறைக்கறதுக்கு என்னாண்ட இன்னா கீது?"

உண்மையில் அவர் மனத்தில் இருந்தது ஓர் எளிய கழித்தல். முப்பதில் பதினாறு போக மீதம் பதினான்கு. பட்டாணி அளவுப் புண்ணுக்குப் பதினான்கு அமர்வு தாராளம். இப்போது உண்மையைச் சொன்னால் நிறுத்துவார்கள். நிறுத்தினால் புண் திறக்கும். திறந்தால் ஆகஸ்டு, அக்டோபர், ஜூன். இதயம் பதினான்கு நாள் தாங்கினால் போதும். நெஞ்சு வலித்தபோதே பத்தொன்பது நிமிடம் தாங்கியதுதானே என்று அவர் தமக்குச் சொல்லிக்கொண்டார். அந்தத் தாங்கலுக்கு என்ன விலை கொடுத்தோம் என்பதை அப்போது நினைத்துக்கொள்ளவில்லை.

மார்ச் பன்னிரண்டாம் தேதி, வியாழக்கிழமை. பதினேழாவது அமர்வு. அன்று காலை குறிப்பேட்டில் எழுதியது 73.9. நாகவல்லியிடம் சொன்னது எழுபத்தொன்று. ஆட்டோவிலிருந்து கூண்டு அறை வரை நாற்பது அடி தூரம் இருக்கும். நடுவில் இருமுறை நின்றார். சுவரொட்டியைப் படிப்பதுபோல் நின்றார்.

"இன்னா மாமே, மூஞ்சி வெளிறிக் கீது? நாஸ்டா துன்ன இல்ல?" என்றார் மதுரைவீரன்.

"துன்னேன்டா. வெயிலு."

"ஏழேமுக்கால் மணிக்கி இன்னா வெயிலு?"

"நீ போயி சவாரி பாரு."

அறைக்குள் ஜோதிகா பரபரப்பாக இருந்தார். பணி மருத்துவர் மேல்தளத்தில் ஓர் அவசர நோயாளியிடம் மாட்டிக்கொண்டிருந்தார். மேசை மேல் தொலைபேசி மணியடித்தபடி இருந்தது. இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் ஜோதிகாவே பார்த்தார். இரண்டும் அளவுக்குள் இருந்தன. அதன்பின் கேள்வி கேட்பதற்குப் பதிலாக, அட்டையில் செருகிய ஓர் அச்சிட்ட தாளையும் பேனாவையும் நீட்டினார்.

"இன்னாது பாப்பா இது?"

"புது ஃபார்ம் அங்கிள். இன்னிலருந்து பேஷண்ட்டே கைப்பட எழுதி சைன் பண்ணணுமாம். மேனேஜ்மென்ட்டு ஆர்டர்."

உதயகுமார் பேனாவை வாங்கிக்கொள்ளவில்லை. "எனக்கு எழுத்து சரியா வராது. நீ கேளு, நான் சொல்றேன். நீயே போட்டுக்க."

"டபாய்க்காதீங்க அங்கிள். முப்பது வருஷமா ரிஜிஸ்டர் எழுதறீங்கன்னு உங்க மச்சான் ஊருக்கெல்லாம் சொல்லிக்கினு இருக்காரு. நாலே கேள்விதான்." தொலைபேசி மறுபடி அடித்தது. பேனாவை அவர் மடியில் போட்டுவிட்டு ஜோதிகா அதை எடுக்கப் போனார்.

தாளில் முதல் வரி: இன்று காலை எடை. உதயகுமார் பேனாவைக் கையில் எடுத்தார். ஏழு என்று எழுதினார். அந்த ஏழுக்குப் பக்கத்தில் ஒன்று என்று போடவேண்டும்; ஒரே ஒரு கோடு. அதைவிட எளிய எண் எழுத்தில் கிடையாது. பேனா முனை தாளில் ஊன்றியபடி இருந்தது; நீலப் புள்ளி ஒன்று மெல்லப் பெருத்தது. கதவுக்கு வெளியே, நீள இருக்கையில், நாகவல்லி டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருப்பது கண்ணாடிச் சதுரத்தின் வழியே தெரிந்தது. பாதத்தைப் பார்த்தார். வெள்ளைக் கட்டு, நான்கு நாளாக அதில் கறையே இல்லை. இன்னும் பதினான்கு.

கை எழுதியது. 73.9. படுத்தால் இருமல் உண்டா? உண்டு. கால் வீக்கம்? உண்டு. எத்தனை தலையணை? மூன்று. அடியில் கையெழுத்து, தேதி, மணி. மணி கேட்கப்படவில்லை, இருந்தாலும் எழுதினார்.

அட்டையை நீட்டினார். ஜோதிகா தொலைபேசியைத் தோளில் இடுக்கிக்கொண்டு, "இல்ல சார், ரெண்டாவது பேஷண்ட் ஒம்போதரைக்குத்தான்" என்று யாருக்கோ சொல்லிக்கொண்டே அதை வாங்கினார். பார்க்காமலேயே கூண்டின் பக்கத்துக் கொக்கியில் மாட்டினார். மறு கையால் அங்கி மாற்றும் மறைப்பைக் காட்டினார்.

உதயகுமாருக்குச் சட்டென்று உடல் இலேசானது. அவர் பொய் எழுதவில்லை. யாரும் அதைப் படிக்கவுமில்லை. கைக்கும் குறையில்லை, காலுக்கும் குறையில்லை. இப்படி ஒரு வழி இருக்கும் என்று அவர் எண்ணிப் பார்த்ததே கிடையாது. அங்கியை மாற்றிக்கொண்டு வந்தார். மோதிரத்தைக் கழற்ற முயன்றார். விரல் வீங்கியிருந்ததால் வரவில்லை. சோப்பு நுரை போட்டு இழுத்தார். தள்ளுபடுக்கையில் படுத்தார். தலைமாட்டில் ஒரே ஒரு மெல்லிய தலையணை. படுத்த மாத்திரத்தில் நெஞ்சுக்குள் தண்ணீர் சாய்வதுபோல் இருந்தது. இருமல் ஒன்று எழும்பியது, அடக்கினார். இரண்டாவதும் எழும்பியது, வாயை மூடிக்கொண்டு விழுங்கினார். கண்ணில் நீர் வந்தது.

படுக்கை குழாய்க்குள் சறுக்கிச் சென்றது. தெளிந்த சுவரின் வழியே கொக்கியில் தொங்கிய அட்டை அவர் கண்ணுக்கு நேரே, ஒரு முழ தூரத்தில் இருந்தது. தம் கையெழுத்தைப் பார்த்தார். அதன் வலப்பக்கத்தில் இன்னொரு கட்டம் இருந்தது. எழுதும்போது அவர் கவனிக்கவில்லை. மேலே 'சரிபார்த்தவர்' என்று அச்சிட்டிருந்தது. கட்டம் காலியாக இருந்தது.

வெறுமையாகத்தான் இருந்தது, ஆனால் அவரால் பார்வையை அதிலிருந்து எடுக்க முடியவில்லை. பதிவேட்டின் எந்தப் பக்கத்திலும் அவர் தாம் மட்டும் பார்த்த அளவைத் தனியே விட்டதில்லை. இன்னொருவர் வந்து முள்ளைப் பார்த்து, பக்கத்தில் கையெழுத்திடும்வரை, கலனில் ஏற்றிய அழுத்தத்தை இறக்கமாட்டார். தேநீர் வேளை தப்பினாலும், ஆய்வாளர் வர மாலையானாலும் அங்கேயே நிற்பார். எழுதியவனே படித்துக்கொண்ட எண் எழுதாத எண்தான் என்பது அவருக்கு யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஜோதிகா தொலைபேசியைத் தோளில் வைத்தபடியே கதவைத் தள்ளினார். வட்டமான எஃகு மெல்ல நெருங்கியது. அறையின் ஓசைகள் ஒவ்வொன்றாகத் தேய்ந்தன. மூன்றாவது இருமல் கிளம்பியது.

உதயகுமார் தலைக்கு மேலே கையைத் தூக்கி, உள்ளங்கையை விரித்து, கூண்டின் வாய் விளிம்பில் வைத்தார்.

கதவு நான்கு விரற்கடை தூரத்தில் நின்றது. "ஐயோ அங்கிள், கையி! நசுங்கிடும், எடுங்க!"

அவர் எடுக்கவில்லை.

"என்ன ஆச்சு, காது அடைக்குதா? இன்னும் காத்தே உடலையே!"

பேசுவதற்கு மூச்சு கூடிவரவில்லை. அவர் முகவாயை மட்டும் கொக்கியின் பக்கம் திருப்பினார். ஜோதிகா அவர் பார்த்த இடத்தைப் பார்த்தார். தொலைபேசியில் "ஒரு நிமிஷம் சார்" என்றார். அட்டையைக் கொக்கியிலிருந்து எடுத்து, முதல் வரியிலிருந்து படிக்கத் தொடங்கினார். அவர் கடைசி வரிக்கு வந்து, நிமிர்ந்து, பேனாவைத் தேடும்வரை, குளிர்ந்த எஃகு விளிம்பின் மேல் அந்த ஐந்து விரல்களும் விரித்தபடியே இருந்தன.